மேல பாருடா

தையல் மிஷின்ல தையல் தவறினா ஹூக் டைமிங்கைப் பாருங்கன்னுதான் எந்த வீடியோவைத் தேடினாலும் சொல்றாங்க. நானும் நம்பினேன். அஞ்சு செமஸ்டர் மெக்கானிக்கல் முடிச்ச தைரியம் வேற. போன பொங்கல் லீவுல அம்மாவோட மிஷின்ல ஸ்பேனரோட உட்கார்ந்தது அந்த தைரியத்துலதான். அதுல ஒரு ராத்திரியும் அரை நாளும் போச்சு. அம்மாவுக்குக் காசும் போச்சு. என்ன நடந்ததுன்னு எழுதி வச்சா நம்ம டிபார்ட்மென்ட்ல யாருக்காவது உதவும்.

எங்க ஊர் ஆம்பூர். பேரைச் சொன்னதுமே எல்லாரும் பிரியாணியைத்தான் கேப்பீங்க. எங்களுக்கு அது தோல் ஊர். அம்மா 16 வருஷம் ஒரு ஷூ கம்பெனியில ஸ்டிச்சிங் செக்‌ஷன்ல இருந்தாங்க. முதுகுவலி தாங்காம நின்னதுக்கு அப்புறம், செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஹெவி மிஷின் வாங்கி முன்ரூம்ல போட்டாங்க. பேக் கைப்பிடி, தோள்பட்டை வார் எல்லாம் ஜாப் வொர்க்கா வரும். வெட்டின தோலை அவங்களே கொடுத்துடுவாங்க. தைச்சுக் கொடுத்தா பீஸ் கணக்குல காசு.

வீட்டுல இருக்கற சாதாரண மிஷின்ல கீழ இருக்கற பல்லு மட்டும்தான் துணியை நகர்த்தும். தோலுக்கு அது பத்தாது. மேல் அடுக்கு ஒரு பக்கம், கீழ் அடுக்கு ஒரு பக்கம்னு போயிடும். இந்த மிஷின்ல ஊசி தோலுக்குள்ள இருக்கும்போதே ஊசி, கீழ்ப் பல்லு, உள் ஃபுட் மூணும் சேர்ந்து தோலைப் பின்னாடி தள்ளும். அடுத்த தையலுக்கு அதெல்லாம் முன்னாடி திரும்பி வர்ற நேரத்துல வெளி ஃபுட் இறங்கித் தோலைப் பிடிச்சுக்கும். ரெண்டு ஃபுட்டும் மாறி மாறி நடக்கறதால வாக்கிங் ஃபுட் மிஷின்னு பேரு. நூல் டெக்ஸ் 135. அதாவது 1000 மீட்டர் நூலை எடை போட்டா 135 கிராம் இருக்கும். ஊசி 160/23. அந்த 160 ஊசியோட விட்டம், 1.6 மில்லிமீட்டர்.

அந்த வாரம் வந்த ஆர்டர் 150 கைப்பிடி. திங்கட்கிழமை காலையில கொடுக்கணும். சனிக்கிழமை சாயங்காலம் நான் வீட்டுக்குள்ள நுழையும்போது அம்மா மிஷினை நிறுத்திட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாங்க. பக்கத்துல தனியா 11 கைப்பிடி.

"இன்னாம்மா ஆச்சு?"

"டி ரிங் கிட்ட வந்தா தையல் விடுதுடா. நேரா போறப்ப நல்லா போவுது."

கைப்பிடியோட ரெண்டு முனையிலயும் ஒரு இரும்பு டி ரிங்கைக் கோத்து, தோலை மடிச்சு, மேல இன்னொரு பட்டை வச்சுத் தைக்கணும். அந்த இடத்துல மட்டும் நாலு அடுக்கு, 8 மில்லிமீட்டர் கிட்ட கனம். அங்க மூணு தையல் விழுந்தா நாலாவது விட்டுப்போகுது. துணியா இருந்தா பிரிச்சுட்டு மறுபடி தைக்கலாம். தோல்ல ஊசி போன ஓட்டை போனதுதான். பிரிச்சுத் தைச்சா ஓட்டை மேல ஓட்டை விழுந்து தோலே கிழியும். அதனால அந்த 11 பீஸும் வேஸ்ட். தோலோட விலையையும் சேர்த்து கூலியில பிடிப்பாங்க.

"நீ சாப்புடப் போம்மா, நான் பாத்துக்கறேன்"னு சொன்னேன். அம்மா மறுபேச்சு பேசாம எழுந்து போனாங்க.

தையல் எப்படி விழுதுன்னு சொல்லிடறேன். ஊசி அடி வரைக்கும் இறங்கி, லேசா மேல ஏற ஆரம்பிக்கும்போது நூல் ஒரு பக்கமா சின்னதா ஒரு வளையம் போடும். சுத்திட்டு வர்ற ஹூக்கோட மூக்கு சரியா அந்த நேரத்துல வந்து அந்த வளையத்தைப் பிடிச்சு, பாபினைச் சுத்தி எடுத்துட்டுப் போகும். அதுல மேல்நூலும் கீழ்நூலும் பின்னிக்கும். வளையம் கிடைக்கலைன்னா தையல் கிடையாது. ஹூக் சீக்கிரமா வந்தாலும் லேட்டா வந்தாலும் கிடைக்காது. அப்போ டைமிங்தான் பிரச்சினைன்னு முடிவு பண்ணிட்டேன்.

தலையைச் சாய்ச்சு ஹூக்கோட ஸ்க்ரூவை லூஸ் பண்ணி லேசா முன்னாடி தள்ளினேன். சரியாகலை. நீடில் பாரைக் கொஞ்சம் இறக்கினேன். அப்பவும் இல்லை. மேல் டென்ஷனைத் திருகினேன். பழைய இடம் எதுன்னு எதுக்கும் மார்க் பண்ணலை. ராத்திரி பன்னெண்டரைக்கு 'டக்'னு ஒரு சத்தம். ஊசி ஹூக்குல மோதி உடைஞ்சுபோச்சு. ஹூக் மூக்கை விரலால தடவிப் பார்த்தா சொரசொரன்னு இருந்தது. இப்போ நேராவும் தைக்காது. டி ரிங் கிட்ட மட்டும் தவறின மிஷின், என் புண்ணியத்துல எல்லா இடத்துலயும் தவறுது.

ஞாயித்துக்கிழமை காலையில அம்மா டீயோட வந்தாங்க. உடைஞ்ச ஊசியைப் பார்த்தாங்க. திட்டலை. புது ஊசி போட்டு, வேஸ்ட் கைப்பிடி ஒண்ணை எடுத்து டி ரிங் இடத்தை ஃபுட்டுக்குக் கீழ வச்சாங்க. மோட்டார் போடலை. கையால வீலை மெதுவா சுத்தினாங்க. நான் வழக்கம்போல குனிஞ்சு கீழ ஹூக்கைப் பார்த்துட்டிருந்தேன்.

"அங்க இன்னாடா பாக்கற? மேல பாருடா."

பார்த்தேன். ஊசி மேல ஏறுது. கூடவே தோலும் எழுந்து வருது. ஒரு ரெண்டு மில்லிமீட்டர் இருக்கும். அப்புறம்தான் ஊசியை விட்டுட்டு 'பொத்'துனு கீழ விழுது.

"ஃபுட் பிரஷரை யாரு கொறைச்சது?"

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரலை. நான்தான். தீபாவளி லீவுல வந்தப்போ ஒரு மெல்லிசு தோல் ஓடிட்டிருந்தது. ஃபுட்டோட பல் அச்சு தோல்ல பதியுதுன்னு அம்மா சொன்னாங்க. மேல இருக்கற பிரஷர் ஸ்க்ரூவை ரெண்டு சுத்து லூஸ் பண்ணேன். அச்சு போயிடுச்சு. அம்மாகிட்ட "சரி பண்ணிட்டேன்"னு மட்டும் சொன்னேன். எதைத் தொட்டேன்னு சொல்லலை. அதுக்கப்புறம் மெல்லிசு வேலையாவே வந்திருக்கு. கனமான ஆர்டர் இதுதான் முதல் தடவை.

இப்போ யோசிச்சா எல்லாம் தெளிவாப் புரியுது. ஊசியோட ஒரு பக்கம் மேல இருந்து கண் வரைக்கும் நீளமா ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பக்கத்து நூல் பள்ளத்துக்குள்ள ஒளிஞ்சுக்கும். ஹூக் இருக்கற பக்கத்துல அந்தப் பள்ளம் கிடையாது. அங்க நூல் ஊசிக்கும் தோலுக்கும் நடுவுல உரசி மாட்டிக்கும். ஊசி ஏறும்போது அந்த நூல் கூடவே ஏற முடியாமத்தான் கீழ வளையமா உப்புது. ஆனா தோல் அசையாம இருக்கணும். ஊசியோட சேர்ந்து தோலும் எழுந்துட்டா உரசலுக்கே வேலை இல்லை. நூலும் சேர்ந்து ஏறிடும். வளையம் வராது. ஹூக் சரியான நேரத்துக்குத்தான் வந்தது. பிடிக்கறதுக்குத்தான் ஒண்ணும் இல்லை. அடுக்கு கூடக்கூட தோல் ஊசியை இறுக்கிப் பிடிக்கும். டி ரிங் கிட்ட மட்டும் தவறினதுக்குக் காரணம் அதுதான். நேரா போற இடத்துல டைமிங் சரி, கனமான இடத்துல தப்புன்னா டைமிங்கைச் சந்தேகப்படவே கூடாது. இந்த லாஜிக் எனக்கு முந்தின நாளே தோணியிருக்கணும்.

ஸ்க்ரூவை ரெண்டு சுத்து டைட் பண்ணது பத்து செகண்ட் வேலை. நான் கலைச்சு வச்சதைத் திரும்ப அடுக்கத்தான் மத்தியானம் ஆச்சு.

முதல்ல மோட்டார். எங்களுது கிளட்ச் மோட்டார். ஸ்விட்சை ஆஃப் பண்ணாலும் கொஞ்ச நேரம் உள்ள சுத்திட்டே இருக்கும். அந்த நேரத்துல கால் தெரியாம மிதியில பட்டா ஊசி இறங்கிடும். "சத்தம் அடங்கற வரைக்கும் கை வைக்காதே"ன்னு அம்மா சொன்னாங்க. கம்பெனியில ஒருத்தங்க விரல்ல ஊசி இறங்கினதைப் பார்த்தவங்க.

அப்புறம் நுணுக்கமான எமரி ஷீட்டால ஹூக் மூக்குல இருந்த பிசிறை எடுத்தேன். நூலை அது மேல இழுத்துப் பார்த்து, மாட்டலைன்னு தெரிஞ்சதும் டைமிங்குக்குப் போனோம். நீடில் பார் அடியில நிக்கும்போது, அது உள்ள போற புஷ்ஷோட விளிம்புல பார் மேல ஒரு கோடு. அதுக்கு 2 மில்லிமீட்டர் கீழ இன்னொரு கோடு. அம்மா வீலைச் சுத்த, ரெண்டாவது கோடு விளிம்புக்கு வந்ததும் நிறுத்தினாங்க. பார் இப்போ 2 மில்லிமீட்டர் ஏறியிருக்கு. இந்த இடத்துல ஹூக் மூக்கு ஊசியோட நடுவுல நிக்கணும், ஊசிக் கண்ணுக்குக் கொஞ்சம் மேல. முதல்ல ஹூக்கைத் திருப்பி நடுவுக்குக் கொண்டு வந்தேன். அப்புறம் நீடில் பாரோட உயரத்தைச் சரி பண்ணேன். ஊசிக்கும் ஹூக்குக்கும் இடையில ஒரு தாள் கனம்தான் இருக்கணும், உரசவும் கூடாது. சரியான அளவு மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், மேனுவல் இருந்தா அதுதான் கணக்கு. ஒரு தடவைக்கு ஒரு விஷயம் மட்டும் மாத்தி, கையால சுத்திப் பார்த்து, அப்புறம்தான் அடுத்தது.

டெஸ்ட்டுக்கு அந்த வேஸ்ட் 11 பீஸ்தான் இருந்ததே. மூணாவது பீஸ்ல டி ரிங் இடம் முழுசா, ஒரு தையல் தவறாம போச்சு.

காத்துட்டிருக்கும்போது போன்ல தையல் மிஷின் வரலாறு படிச்சேன். 1850ல பாஸ்டன்ல ஐசக் சிங்கர் 11 நாள்ல தன் முதல் மிஷினைச் செஞ்சார். தைச்சுப் பார்த்தா நூல் வளையம் வளையமா தொங்குது. தோத்துட்டோம்னு ராத்திரி தங்கியிருந்த ஹோட்டலுக்குத் திரும்பற வழியில, கூட வந்த பார்ட்னர் அந்த வளையத்தைப் பத்திச் சொன்னதும் சிங்கருக்குப் பொறி தட்டியிருக்கு: ஊசி நூலுக்கு டென்ஷன் வைக்க மறந்துட்டோம். திரும்பிப் போய் அதைச் சரி பண்ணதும் மிஷின் தைச்சது. சிங்கரே பின்னாடி சொன்ன கதை இது. அவருக்கும் பக்கத்துல ஒரு ஆள் வாயைத் திறக்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் அம்மா மிஷின்ல உட்கார, நான் பக்கத்துல உட்கார்ந்து மிச்ச நூலை வெட்டி, லைட்டரால முனையைச் சுட்டு அழுத்திட்டிருந்தேன். அப்போ கேட்டேன்.

"சனிக்கிழமையே உனக்குத் தோணலையாம்மா?"

"பிரஷரா இருக்குமோன்னு தோணுச்சு."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"நீ இஞ்சினியரிங் படிக்கற புள்ள. பாத்துக்கறேன்னு வேற சொல்லிட்ட. எனக்கு இன்னா தெரியும்னு இருந்துட்டேன்."

அம்மா அதைக் குத்திக் காட்டறதுக்காகச் சொல்லலை. அதுதான் அதிகமா வலிச்சது. 16 வருஷமா ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஊசியைப் பார்த்த கண்ணு அது. நான் வந்ததும் கேட்ட ஒரே கேள்வி "இன்னாம்மா ஆச்சு"தான். "உனக்கு என்னன்னு தோணுது"ன்னு கேக்கலை. கேட்டிருந்தா சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும்.

ராத்திரி ஒண்ணே முக்காலுக்கு வேலை முடிஞ்சது. திங்கட்கிழமை 139 கைப்பிடி போச்சு. 11 பீஸுக்குப் பிடிச்சுக்கிட்டாங்க. ஆர்டர் மட்டும் கையை விட்டுப் போகலை.

கிளம்பறதுக்கு முன்னாடி, மிஷின்ல திருகற எல்லா ஸ்க்ரூ மேலயும் பக்கத்து வீட்டு அக்காகிட்ட வாங்கின சிவப்பு நெயில் பாலிஷ்ல ஒரு கோடு போட்டேன். ஸ்க்ரூலயும் பாடியிலயும் சேர்ந்த மாதிரி ஒரே கோடு. யாராவது திருகினா கோடு உடையும். ஒரு 40 பக்க நோட்டைக் கயிறு கட்டி மிஷின் ஓரத்துல தொங்கவிட்டேன். தேதி, எதை மாத்தினோம், எவ்வளவு, யாரு. முதல் வரியில தீபாவளி தேதியைப் போட்டு என் பேரை எழுதினேன்.

போன வாரம் அம்மா வாட்ஸ்அப்ல அந்த நோட்டை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாங்க. ரெண்டாவது வரி அவங்க கையெழுத்துல: "மெல்லிசு தோல். பிரஷர் ஒரு சுத்து லூஸ். வேலை முடிஞ்சதும் திரும்ப டைட் பண்ணியாச்சு. அம்மா."