எடுப்பது வேறு, அழிப்பது வேறு

டேட்டாபேஸ் சர்வரை ஏற்றுவது எப்படி என்று யார் வேண்டுமானாலும் சொல்லித் தந்துவிடுவார்கள். டெபியனில் ஒரே வரிதான். ‘ஆப்ட் இன்ஸ்டால் மரியாடிபி-சர்வர்’ என்று அடித்தால் தானே இறங்கி, தானே ஓடத் தொடங்கிவிடும். எடுப்பதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. பாரிட் ராஜாவில் படித்த நான்கு வருஷமும் எனக்கு அதற்கு அவசியமே வரவில்லை. அசைன்மென்ட் முடிந்தால் வெர்ச்சுவல் மெஷினையே தூக்கிப் போட்டுவிடுவோம். உள்ளே இருந்தவர்கள் எல்லாம் கற்பனை மாணவர்கள்தானே.

போன வருஷம் பத்து பாகாட்டில் ஒரு மரண சகாய சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் மாற்றித் தரப் போனேன். அங்கே உள்ளே இருந்தது 212 நிஜக் குடும்பங்கள். மாதம் 5 ரிங்கிட் சந்தா. வீட்டில் சாவு விழுந்தால் சங்கம் பணம் கொடுக்கும். ரசீதைத் தொலைத்த வீட்டுக்கு இந்த டேட்டாபேஸ்தான் ஒரே சாட்சி. பழைய மெஷினில் உபுண்டு, அதில் மைஎஸ்க்யூஎல் 8.0. சர்வர் கிளம்பவில்லை. பார்க்க வந்த கடைக்காரர் ஒருவர், “ஃபார்மட் பண்ணிட்டா முடிஞ்சது லா” என்றாராம். செயலாளர் ஐயா பயந்துபோய் என்னைக் கூப்பிட்டார்.

கோளாறு சின்னதுதான். யாரோ தைப்பூச வீடியோக்களை எல்லாம் கொட்டி டிஸ்க்கை நிரப்பியிருந்தார்கள். எழுத இடம் இல்லாவிட்டால் எந்த சர்வரும் படுத்துவிடும். வீடியோக்களை வெளி டிஸ்க்குக்கு மாற்றியதும் எழுந்துவிட்டது.

புது மெஷினில் டெபியன் 12 போட்டேன். டெபியன் 2017-இல் வந்த 9-ஆம் பதிப்பிலேயே மைஎஸ்க்யூஎல்லை விட்டு மரியாடிபிக்கு மாறிவிட்டது. இரண்டுக்கும் தகப்பன் ஒருவர்தான், மைக்கேல் விடேனியஸ். மூத்த மகள் மை, இளைய மகள் மரியா, பெயர்கள் அவர்களுடையவை. மைஎஸ்க்யூஎல் 2008-இல் சன் நிறுவனத்துக்குப் போய், 2010-இல் சன்னோடு சேர்ந்து ஆரக்கிள் கைக்கு வந்தது. அதற்கு முன்பே, 2009-இல், அவர் மரியாடிபியைப் பிரித்துக்கொண்டு வந்துவிட்டார். ஆரம்பத்தில் அக்கா பெட்டியைத் தங்கை திறந்துவிடுவாள். 8.0-க்குப் பிறகு அது நடக்காது. ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணினால் பிரயோஜனமில்லை. ‘மைஎஸ்க்யூஎல்டம்ப்’ போட்டு எழுத்தாக இறக்கி, மறுபக்கம் ஏற்ற வேண்டும். அதுவும் முதல் தடவை ஏறவில்லை. எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதிக்கு 8.0 வைத்திருக்கிற புதுப் பெயர், டெபியன் 12-இல் வரும் மரியாடிபி 10.11-க்குத் தெரியாது. அந்தப் பெயரை மாற்றியதும் ஏறிவிட்டது. ஐயா தடிமனான ரெஜிஸ்டரைப் பிரித்து ஒவ்வொரு பெயராக வாசிக்க, நான் திரையில் சரிபார்த்தேன். சாயங்காலம் ஆகிவிட்டது.

பழைய மெஷின் அவர் பேரனுக்குப் போக வேண்டும். உள்ளே ஐசி நம்பர், வாரிசு பெயர் எல்லாம் இருக்கின்றன. அப்படியே கொடுக்க முடியாது.

‘ஆப்ட் ரிமூவ்’ போட்டால் மென்பொருள் மட்டும்தான் போகும். அமைப்புக் கோப்புகளும், ‘வார்’ அடைவில் ‘லிப்’புக்குள் இருக்கும் தரவும் அப்படியே கிடக்கும். பலர் இதைத் தெரியாமல், எடுத்தாகிவிட்டது என்று மெஷினை விற்றுவிடுகிறார்கள். ‘ஆப்ட் பர்ஜ்’ அமைப்புக் கோப்புகளையும் நீக்கும்; தரவைத் தொடுமுன் ஒரு கேள்வி கேட்கும். டேட்டாபேஸ்களை எல்லாம் அழித்துவிடவா? எதுவும் மாற்றாமல் விட்டால் ‘வேண்டாம்’ என்றுதான் எடுத்துக்கொள்ளும். இதைச் செய்தவர்கள் யோசித்துச் செய்திருக்கிறார்கள். ஆனால் இணையத்தில் கிடைக்கிற வழிகாட்டிகள் பலவற்றில் கடைசி வரி ‘ஆர்எம் -ஆர்எஃப்’. அந்த அடைவையே கேள்வி இல்லாமல் வழித்தெடுத்துவிடும். எனக்கு அந்த வரியைக் கண்டாலே எரிச்சல். படிப்பவன் மெஷினில் யாருடைய கணக்கு இருக்கிறது என்று எழுதியவருக்கு என்ன தெரியும்?

பர்ஜ் போட்டேன். கேள்வி வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் ஐயா என்னவென்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.

“வேணாம் தம்பி. ஆண்டுக் கூட்டம் வரட்டும். எல்லாரும் புதுக் கணக்கைப் பார்த்து கையெழுத்துப் போட்டப்புறம் அழிச்சிக்கலாம்.”

‘வேண்டாம்’ என்று கொடுத்தேன். பேரனுக்கு அந்தக் கம்ப்யூட்டர் மார்ச் மாதம்தான் கிடைத்தது.