கூண்டும் எங்கம்மாவும்

அடையாற்றில் எங்கம்மா வேலை செய்கிற வீட்டுக்கு ரெண்டு மாசம் முன்னால் ஒரு நாய் வந்தது. அஞ்சு வயசிருக்கும். தெருவிலிருந்து எடுத்து வந்த நாட்டு நாய். கூடவே இரும்புக் கம்பிக் கூண்டு ஒன்றும் உள்ளே விரிக்க மெத்தையும் வந்தன. வீட்டுக்காரர்கள் ஆபீசுக்குப் போனால் திரும்ப ஒன்பது மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் நாய் கூண்டில் இருக்கப் பழக வேண்டும். பழக்குவது அம்மாவின் வேலை. சம்பளம் அதேதான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருசமாக அந்த வீட்டில் அம்மாவுக்குத் தனி டம்ளர், அடுப்படித் தரை. நாய்க்கு ஹாலில் மெத்தை. மகாத் குளத்தில் நாயும் மாடும் குடித்த தண்ணீரை நம் சனம் தொடக்கூடாது என்றிருந்ததால்தானே 1927-இல் அம்பேத்கர் அங்கே போய் அள்ளிக் குடித்தார்? ஆவேசமாகச் சொல்லிக்கொண்டே போனேன்.

"அதுக்கு நாய் இன்னாடா பண்ணும்? டம்ளர அதுவா தனியா வச்சுது?"

எம்.ஏ. தமிழ் படித்த வாய் மூடிக்கொண்டது.

முதல் நாள் அந்த வீட்டம்மா கழுத்துப் பட்டையைப் பிடித்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறார். கம்பியைக் கடித்துக் கடித்து ஈறெல்லாம் ரத்தம். எங்கம்மாதான் அதன் காதைப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு வெட்டு. கருத்தடை செய்த தெருநாய்க்குப் போடுகிற அடையாளம் அது. (சென்னை மாநகராட்சி நாய்களைக் கொல்வதை விட்டுக் கருத்தடைக்கு வந்தது 1996-இல்.) வண்டிக் கூண்டில் ஏறி இறங்கின நாய். இரும்புக் கதவுச் சத்தமே போதும் அதற்கு.

அம்மா கதவைக் கயிறு போட்டுத் திறந்தபடி கட்டினாள். சோற்றுத் தட்டை முதலில் கூண்டுக்கு வெளியே வைத்தாள். ரெண்டு நாள் கழித்துக் கூண்டு வாசலில். அப்புறம் உள்ளே ஒரு சாண். பின்னங்கால் ரெண்டும் வெளியே நிற்க, கழுத்தை மட்டும் நீட்டித் தின்னுமாம். தப்பு செய்ததற்குத் தண்டனையாக ஒரு நாளும் உள்ளே விடவில்லை. பதினோராம் நாள் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து பார்த்தால், அதுவே போய் மெத்தையில் படுத்திருந்தது. பிறகுதான் தின்கிற நேரத்துக்கு மட்டும் கதவைச் சாத்தி, அது தலை தூக்குமுன் திறந்தாள். ஒரு நிமிசம், அஞ்சு நிமிசம், கால் மணி. குட்டிக்குப் பழைய நினைப்பு இருக்காது. வளர்ந்த நாய்க்கு இருக்கும், அவசரப்பட முடியாது.

"யாரும்மா சொல்லிக் குடுத்தது?" என்றேன்.

"எவ சொல்லித் தரணும்?"

2015 வெள்ளத்துக்கப்புறம் கோட்டூர்புரம் ஆற்றோரத்திலிருந்து லாரியில் ஏற்றி எங்களைப் பெரும்பாக்கத்து எட்டடுக்கில் கொண்டுபோய்ப் போட்டார்கள். முதல் மாசம் முழுக்க அம்மா வீட்டுக்குள் படுக்கவில்லை. கதவைத் திறந்துபோட்டு வெளி நடையில்தான் படுத்தாள்.

இப்போது சிக்கல் வேறு. நாலு மணி நேரத்துக்கு மேல் நாயைப் பூட்டக் கூடாது என்கிறாள். ஸ்வீடனில் வீட்டுக்குள் கூண்டில் பூட்டி வளர்ப்பதைச் சட்டமே தடுக்கிறது என்று நான் சொன்னதும் அவளுக்கு ஒரே சந்தோசம். "மத்தியானம் ஒருவாட்டி நான் வந்து தொறந்து உட்டு வெளிய கூட்டிம்போய் வரேன். அதுக்குத் தனியா சம்பளம் குடுங்க" என்று கேட்டுவிட்டாள். இருபது வருசத்தில் அந்த வீட்டில் அவள் வாய்விட்டுக் கேட்டது இதுதான் முதல் தடவை.

ஒண்ணாந்தேதி சொல்கிறோம் என்றார்களாம். வேறு ஆள் தேடுகிறார்கள் என்று வாட்ச்மேன் சொல்கிறார்.