சொந்தமா, லீஸா?

நேத்து லெபோ பாசார்ல அம்மாவ எறக்கிவிட்டேன்.
மூட்டுவலி. தாழ்வான காடியில இருந்து எழுந்திரிக்கவே முடியல.
"கொஞ்சம் உயரமான காடியா பாருய்யா"ன்னாங்க.

அப்போலேர்ந்து மனசு கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கு.

80,000 வெள்ளி கடன், ஃபிளாட் ரேட் 3 விழுக்காடு, 9 வருசம்னு வைங்க.
வட்டி மட்டுமே 21,600!
ஃபிளாட் ரேட்ல, கடன் கொறைஞ்சுக்கிட்டே வந்தாலும் வட்டி என்னவோ முழு அசலுக்கும்தான்.
மாசம் 941 வெள்ளி.
அதையே 5 வருசத்துல கட்டுனா வட்டி 12,000. ஆனா தவணை 1,533க்கு ஏறிடும்.

லீஸ்ல ரோட் டேக்ஸ், இன்சூரன்ஸ், சர்வீஸ் பெரும்பாலும் மாசக் காசுலயே அடங்கிடும். நிம்மதிதான்.
ஆனா கிலோமீட்டருக்கு வரம்பு வைப்பாங்களே.
வாரக்கடைசியானா பாலம் தாண்டி நிபோங் திபால் போற குடும்பம் எங்களுது.
கடைசியில சாவியத் திருப்பிக் குடுத்துட்டு வெறுங்கையோட நிக்கவும் மனசு வரல.

அதனால வாங்கறதுதான் சரின்னு தோணுது. முன்பணம் கூட, வருசம் கம்மி. சின்ன எஸ்யூவி போதும். ஜார்ஜ்டவுன் சந்துக்கும் அதான் சரி.

லீஸ் எடுத்து ஓட்டுனவங்க இருந்தா, காடியத் திருப்பிக் குடுக்குறப்ப கீறலுக்கு எவ்ளோ புடிச்சாங்கன்னு கீழ எழுதுங்க. முடிவெடுக்க உதவும்.