ரெண்டு வருஷம் படிச்சவன்

1974-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்த நாங்கள் ஐம்பது வருஷம் கழித்து ஒருமுறை கூடினோம். சிதம்பரத்தில் பாதிப்பேர் பல் கட்டியவர்கள், மீதிப்பேர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர்கள். அதைப் பற்றி எழுதுங்கள் என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். எழுதலாம். ஆனால் எனக்கு அந்த நாளில் முக்கியமாகப் பட்டது கூட்டம் அல்ல, கூட வந்த ஒருவன்.

அவன் விருத்தாசலத்துக்காரன். பெயர் வேண்டாம், அவனுக்கு இதெல்லாம் பிடிக்காது.

நம் மங்களூர் பக்கம் அப்போது எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மானாவாரி. மல்லாட்டை விளைந்தால் பணம், விளையாவிட்டால் வட்டி. மூட்டை போட்ட காசில்தான் அப்பா எனக்குச் சம்பளம் கட்டினார். டிரங்குப் பெட்டியோடு விருத்தாசலம் வந்து, அங்கே பஸ் மாறி, சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகச் சிதம்பரம். சேத்தியாத்தோப்பு தாண்டியதும் இரண்டு பக்கமும் நடவு வயல். இவ்வளவு பச்சையை ஒரே இடத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை. அந்த பஸ்ஸில்தான் அவனும் இருந்தான். அவனிடமும் ஒரு டிரங்குப் பெட்டி. எங்கே போகிறாய் என்று கேட்டுக்கொள்ள அவசியமே இல்லை.

பல்கலைக்கழகம் ரயில்வே லைனுக்குக் கிழக்கே ஒரு தனி ஊர். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920-ல் மீனாட்சி கல்லூரியாகத் தொடங்கியது 1929-ல் பல்கலைக்கழகமாயிற்று. நுழைந்தால் மாணவர் ராஜேந்திரன் சிலை. 1965 ஜனவரி 27, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர். நாங்கள் போனபோது அது ஒன்பது வருஷத்துப் பழைய சேதிதான். சீனியர்கள் நேற்று நடந்த மாதிரிச் சொல்லுவார்கள். உள்ளேயே திருவேட்களம் பாசுபதேஸ்வரர் கோயில், சம்பந்தர் தங்கியிருந்து தில்லைக்குப் போய் வந்த தலம். எங்கள் பையன்கள் அங்கே போனது பெரும்பாலும் பரீட்சைக்கு முதல் நாள்தான். சாயங்காலம் இசைக் கல்லூரிப் பக்கம் நடந்தால் யாராவது ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருப்பார்கள். எனக்குப் பாட்டு தெரியாது, ஆனால் அந்தப் பக்கமாகத்தான் நடப்பேன்.

லேபில் அவன் ராஜா. உப்பைக் கொடுத்தால் நாங்கள் கிப்ஸ் அப்பாரட்டஸ் நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருப்போம். அவன் சுடரில் ஒரு சிட்டிகை காட்டி, "பச்சை. பேரியம்டா," என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவான். போராக்ஸ் மணிச் சோதனை என்று ஒன்று உண்டு. பிளாட்டினக் கம்பி நுனியில் போராக்ஸை உருக்கி, உப்பில் தொட்டு மறுபடி சுட்டால் கண்ணாடி மணி மாதிரி வரும். கோபால்ட் இருந்தால் நல்ல நீலம். அந்த மணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நிற்பான். வகுப்பில் அவன்தான் முதல். நான் இரண்டாவது. இரண்டு வருஷமும் அப்படித்தான்.

1976 கோடை விடுமுறையில் அவன் அப்பா இறந்துவிட்டார். கீழே மூன்று பேர். ஜூலையில் விடுதிக்கு வந்து பெட்டியை எடுத்துக்கொண்டான். புவனகிரி பஸ் ஏறும்போது சொன்னான், "நோட்ஸ் மட்டும் அனுப்புடா. ஒரு வருஷம் சமாளிச்சுட்டு வந்து சேந்துடுவேன்." நான் கண்டிப்பாக அனுப்புகிறேன் என்றேன்.

மூன்று இன்லண்ட் லெட்டர் வந்தது. மூன்றிலும் அதே கேள்விதான். கடைசியில், காப்பி எடுக்கக் கஷ்டமாக இருந்தால் நானே வந்து எழுதிக்கொள்கிறேன் என்று இருந்தது. நான் ஒன்றுக்கும் பதில் போடவில்லை.

சோம்பல் என்று ரொம்ப காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சோம்பல் இல்லை. அந்த வருஷம் நான் வகுப்பில் முதலாவதாக வந்துகொண்டிருந்தேன். அவன் திரும்பி வருவதில் எனக்கு அவசரம் இல்லை. இதைவிட நல்ல வார்த்தையில் இதை எழுத எனக்குத் தெரியவில்லை.

அவன் திரும்பி வரவில்லை. நான் டிகிரி முடித்து, அரசு வேலைக்குப் போய், மாவட்டம் மாவட்டமாக மாறி ஓய்வும் பெற்றேன். விருத்தாசலம் வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன், இறங்கி விசாரித்ததில்லை.

ஐந்தாறு வருஷத்துக்கு முன் பேத்திக்குக் கொலு பொம்மை வாங்க விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைக்குப் போனேன். ஒரு சின்னப் பட்டறை. வாசலில் ஃபியூஸ் கேரியர் மலை மாதிரிக் குவிந்திருந்தது. உள்ளே பலகையில் நீல மெருகு போட்ட சின்ன யானைகள். நீலத்தைப் பார்த்ததுமே எனக்கு ஏதோ செய்தது. பின்னாலிருந்து, "கோபால்ட்டுடா, வேற என்ன?" என்று குரல்.

கூலிக்குச் சேர்ந்தவன், பிறகு சூளைப் பொறுப்பு, அப்புறம் சொந்தப் பட்டறை. நெய்வேலி வெள்ளைக் களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ், எது எவ்வளவு என்று மடமடவென்று சொன்னான். 1200 டிகிரிக்கு மேல் போகும்போது தப்பான கலவை எப்படி வெடிக்கும், மெருகு ஏன் சுருண்டு உரியும் என்று அரை மணி நேரம். மூன்றாம் வருஷத்தில் நான் படித்துவிட்டு மறந்தது எல்லாம் அவன் கையில் இருந்தது. லெட்டர் பற்றி அவன் பேசவில்லை. நானும் பேசவில்லை. யானைக்குக் காசு வாங்க மாட்டேன் என்றான். வலுக்கட்டாயமாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒன்றுகூடல் பேச்சு வந்தபோது அவன் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். டிகிரி முடித்தவர்கள் பட்டியலில் இல்லையே என்றார் ஒருவர். "பட்டியலில் முதல் பெயரே அவனுடையதாக இருந்திருக்க வேண்டியது," என்று நான் கொஞ்சம் சூடாகவே சொல்லிவிட்டேன். என் சூடு யார்மேல் என்று அவர்களுக்குத் தெரியாது.

வளாகம் மாறித்தான் இருக்கிறது. 2013-ல் அரசே ஏற்றுக்கொண்டுவிட்டது. எங்களுக்குப் பின் 1985-ல் வந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இப்போது கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி. மணிக்கூண்டும் சாஸ்திரி ஹாலும் அப்படியே. மரங்கள் மட்டும் எங்களைவிட நன்றாக வயதாகியிருந்தன.

ஒவ்வொருவராக எழுந்து என்ன வேலை பார்த்தோம், பிள்ளைகள் எந்த நாட்டில் என்று சொன்னார்கள். அமெரிக்கா நாலு தடவை வந்தது. அவன் முறை வந்தபோது, "நான் இங்க ரெண்டு வருஷம்தான் படிச்சேன். மீதியைச் சூளையில படிச்சேன்," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான். பையிலிருந்து ஆளுக்கொரு நீல யானை எடுத்துக் கொடுத்தான். நாற்பதுக்கு மேல் இருக்கும், எல்லாவற்றையும் பழைய தினத்தந்தியில் சுற்றி எடுத்து வந்திருந்தான்.

திரும்பும்போது இருவரும் விருத்தாசலம் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில். வெள்ளாற்றுப் பாலம் வரை வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பாலம் தாண்டியதும் சொல்லிவிட்டேன். லெட்டர் வந்தது, மூன்றும் வந்தது, வேண்டுமென்றேதான் பதில் போடவில்லை, நான் முதலாவதாக இருந்தேன்.

அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணு இல்லடா, நாலு."

"நாலா? கடைசியும் நோட்ஸ்தானா?"

"இல்ல. ரிசல்ட் பேப்பர்ல உன் நம்பரைப் பாத்துட்டு வாழ்த்து எழுதினேன்."

அந்த நாலாவது லெட்டர் என் கைக்கு வந்ததா, வந்தும் நான் பிரிக்காமல் போட்டேனா என்று எனக்கு நினைவே இல்லை. இரண்டில் எது நடந்திருந்தாலும் நான் செய்யக்கூடியதுதான்.

சேத்தியாத்தோப்பில் பஸ் ஐந்து நிமிஷம் நின்றது. அவன் இறங்கி இரண்டு டீ வாங்கி ஜன்னல் வழியாக நீட்டினான். "சர்க்கரை கம்மியாத்தான் போடச் சொன்னேன், உனக்கு இருக்குல்ல?" என்றான். எனக்கு இருக்கிறது. அவனிடம் அதை எப்போது சொன்னேன் என்று தெரியவில்லை.

விருத்தாசலத்தில் அவன் இறங்கிக்கொண்டான். போகும்போது, அடுத்த வாரம் சூளை பிரிக்கிறேன், பேத்தியையும் அழைத்து வா என்றான். நான் மங்களூர் பஸ்ஸுக்கு நின்றேன்.