அப்பர் மிதிக்க அஞ்சிய மண்

திருச்சியிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் வடக்கே வருவோருக்குப் பாடாலூர் என்றதும், சாலையோரக் குன்றின்மேல் எழுந்தருளியிருக்கும் பூமலை சஞ்சீவிராயரே நினைவுக்கு வருவார். வண்டியில் இருந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டு கடந்துவிடுவோர் பலர். அங்கே கிழக்கே பிரியும் சிறு சாலையில் திரும்புவோர் மிகச் சிலர். அந்தச் சாலையில் ஒரு நாள் செலவிடலாம், குடும்பத்தோடு செலவிடலாம்.

ஐந்து கிலோமீட்டரில் ஊட்டத்தூர். தேவார வைப்புத் தலங்களுள் ‘ஊற்றத்தூர்’ என்று குறிக்கப்பெறும் பழம்பதி. சுத்தரத்தினேஸ்வரர், அகிலாண்டேஸ்வரி, பிரம்ம தீர்த்தம், பஞ்சநதனக் கல்லால் ஆன நடராஜர் திருமேனி என இதன் சிறப்புகளை வாசகர்களுள் பலர் அறிவர். சிறுநீரக நோய் தீர வேண்டி வெட்டிவேரோடு வரும் அன்பர்களை எந்நாளும் காணலாம். நான் சொல்ல வந்தது, இங்கு வழங்கும் ஒரு செவிவழிக் கதை. திருநாவுக்கரசர் இத்தலத்தை நாடி வந்தபோது வழியில் கிடந்த கற்களெல்லாம் சிவலிங்கங்களாகவே தோன்றினவாம். அவற்றைக் காலால் மிதிக்க அஞ்சிய பெருமான், தொலைவிலேயே நின்று பாடினார். அவர் நின்று பாடிய இடம் பாடலூர். அதுவே பாடாலூர் ஆயிற்று என்பர்.

இக்கதையை மனத்தில் இருத்திக்கொண்டு காரைக்குச் செல்ல வேண்டும்.

ஊட்டத்தூரிலிருந்து கிராமச் சாலைகளின் வழியே, மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் கரிசல் நிலத்தைக் கடந்தால், ஆலத்தூர் வட்டத்தைச் சேர்ந்த காரை வருகிறது. ஊரை அடுத்துப் பூமி திடீரென்று பிளந்துகொள்கிறது. செம்பழுப்பும் மஞ்சளும் சாம்பலுமாக மண்மேடுகள். அவற்றினிடையே ஆள் மறையும் ஆழத்தில் வளைந்து நெளிந்து செல்லும் ஓடைகள். இவற்றைக் குடைந்தது பேராறு எதுவுமன்று, மழைநீர்தான். களிமண் மென்மையானது, அதைப் பிடித்து நிறுத்தப் புல்பூண்டும் அதிகமில்லை. ஒவ்வொரு மழையும் சிறிது அறுத்துச் செல்கிறது. வெயில் ஏறும் வேளையில் மண்ணுக்குள் ஏதோ மின்னுகிறதே என்று குனிந்தால், அது ஜிப்சம்.

இம்மண் ஒரு காலத்தில் கடலடி. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே அலையடித்தது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பிளான்ஃபோர்டு, 1862-ல் இப்பகுதியின் பாறைகளை மூன்று தொகுதிகளாகப் பகுத்தபோது, அவற்றுள் பழமையானதற்கு ஊட்டத்தூரின் பெயரையே சூட்டினார். உலகெங்குமுள்ள நிலவியலாளர் இன்றும் அப்பெயரைச் சொல்கின்றனர். நம் சுத்தரத்தினேஸ்வரரின் ஊர் என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

ஓடைக்குள் நடந்தால் துப்பாக்கித் தோட்டா வடிவக் கற்கள் கிடைக்கும். அவை பெலம்னைட் என்னும், கணவாயின் உறவான கடலுயிரின் எச்சங்கள். சுருள் சுருளாய் இருப்பவை அம்மோனைட்டுகள். என் மனைவி அப்படிப்பட்ட ஒரு துண்டைக் கையில் எடுத்தாள். “சக்கரம் அப்படியே தெரிகிறதே! பூஜை அறையில் வைக்கலாமா?” என்றாள்.

அவள் கேட்டதில் வியப்பில்லை. நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமத்தில் நாம் தரிசிக்கும் சக்கரமும் அம்மோனைட்டின் பதிவே. காரையின் கல் சாளக்கிராமம் ஆகாது. ஆனால் தூரத்து உறவு என்று சொல்லலாம். நான் முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் வவுச்சர்களோடு வாழ்ந்தவன். தேதியும் கணக்கு எண்ணும் கிழிந்துபோன வவுச்சரால் யாருக்கும் பயனில்லை. எந்த அடுக்கில், எதனருகே கிடந்தது என்பதுதான் இக்கல்லின் தேதி. வீட்டுக்கு வந்துவிட்டால் அது வெறும் அழகான கல். இதை அவளிடம் சொன்னேன். அவள் சற்று யோசித்துவிட்டு, “அப்பர் சுவாமி மிதிக்கவே அஞ்சினார், நாம் பையில் போட்டுக்கொள்வதா?” என்று கூறி, எடுத்த குழியிலேயே, எடுத்த பக்கம் மேலாக வைத்தாள். என் விளக்கத்தைவிட அவளுடைய விளக்கம் பேரனுக்கு உடனே விளங்கியது. அவன் சட்டைப்பையிலிருந்து நான்கு தோட்டாக் கற்கள் வெளியே வந்தன.

விடுமுறை நாள்களில் இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து மேடுகளில் ஏறி இறங்குகின்றனர். மழை ஆயிரம் ஆண்டுகளில் செதுக்கியதைச் சக்கரம் ஒரு பிற்பகலில் சரித்துவிடும். ஓடையடியில் நடப்பதே போதும்; அங்கிருந்து பார்த்தால்தான் அடுக்குகளும் தெரியும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் செல்ல வேண்டா. களிமண் வழுக்கும், கரையும் இடிந்து விழும். கோடையில் ஒதுங்க நிழலே கிடையாது. மார்கழியிலிருந்து மாசி வரை, காலை வேளை உகந்தது. குடிநீர் கையோடு வேண்டும்.

திரும்பும் முன் சாத்தனூரையும் பார்த்துவிடுங்கள். 1940-ல் நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் உலகுக்கு அறிவித்த கல்மரம், வேலியிட்ட பூங்காவில் கிடக்கிறது. 18 மீட்டர் நீளம். பல கோடி ஆண்டுப் பழமை. கரையில் எங்கோ வளர்ந்து, வெள்ளத்தில் கடலுக்கு வந்து, சேற்றில் புதைந்து கல்லானது. யாருடைய பைக்குள்ளும் அடங்காத நீளம் என்பதாலோ என்னவோ, கிடந்த இடத்திலேயே இன்னும் கிடக்கிறது.