பலகையின் விளிம்பு

மாதிரி ரயில் அமைப்பவர்கள் வயதாகியும் பொம்மையை விடாதவர்கள் என்பது வெளியே உள்ள எண்ணம். உள்ளே வந்து பார்த்தால் தெரியும், இவர்களில் பாதிப் பேர் ரயிலே விடுவதில்லை. ஒருவர் மூன்று வருஷமாகச் சரக்கு வண்டிகளின் துருவை வர்ணத்தில் கொண்டுவரப் பார்க்கிறார். இன்னொருவர் கால அட்டவணையிலேயே லயித்துவிட்டார். அவருக்கு வண்டி அழகாக இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை, எதிர்வண்டி வரும்வரை சந்திப்பில் காத்து நிற்கவேண்டும், அவ்வளவுதான். வேறொருவர் தண்டவாளத்தைக் கட்டையோடு பிணைக்கும் ஆணிகளோடு நின்றுவிட்டார். ரயில் என்ற பொதுவான மோகத்தோடு நுழைகிறவன் சில வருஷங்களில் ஏதோ ஒரு சந்தில் திரும்பி அங்கேயே குடியேறிவிடுகிறான். நான் குடியேறிய சந்து கைகாட்டி மரம்.

இப்படிச் சந்துக்குள் போவது ஒரு குறுகலா, அல்லது பார்வைக்கு வேறு வழியே இல்லையா என்பது என்னை வெகுநாளாகத் தொந்தரவு செய்துவரும் கேள்வி. இரண்டுக்கும் சாட்சியம் இருக்கிறது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் 1946இல் தொடங்கிய மாதிரி ரயில் சங்கத்தில் இரண்டு கட்சிகள் இருந்தன. மேலே என்ஜினும் மரமும் செய்கிறவர்கள் ஒன்று. மேஜைக்கு அடியில் ஸிக்னலையும் மின்சாரத்தையும் பார்த்துக்கொள்கிறவர்கள் மற்றது. அடியிலிருந்தவர்கள் டெலிபோன் ரிலேக்களை இணைப்பதில் மூழ்கி, மேலே ஓடும் ரயிலை ஏறக்குறைய மறந்தே போனார்கள். அவர்களில் சிலர் 1950களின் இறுதியில் அங்கு வந்து சேர்ந்த கம்ப்யூட்டர்களை இரவெல்லாம் விடாமல் பற்றிக்கொண்டார்கள். 'ஹேக்கர்' என்ற சொல் இன்றைய பொருளை அடைந்தது அந்த வட்டாரத்தில்தான். இன்னொரு பக்கம், 1925இல் இங்கிலாந்து வந்த ஆஸ்திரேலியர் ராய் இங்லண்ட். ரயில் மோகமுள்ள அவர், கூரை வேய்ந்த பழைய கிராம வீடுகள் உருக்குலைந்து போவதைக் கண்டு, அவற்றை அளந்து, சிற்றுருவில் செய்வதிலேயே வாழ்நாளைக் கழித்தார். அவர் நிறுவிய பென்டன் அருங்காட்சியகத்தில் ரயில் இருக்கிறது. மனம் தங்குவது வீடுகளில்தான். முன்னவர்கள் சந்து வழியே வேறொரு யுகத்திற்குப் போனார்கள். பின்னவர் சந்து வழியே இல்லாமல் போகவிருந்த ஒரு ஊரைப் பிடித்து வைத்தார்.

என் விஷயம் இவ்வளவு பெரிதல்ல. நான் பிறந்து வளர்ந்தது நெய்வேலி நகரியத்தில். அப்பாவுக்கு நிலக்கரி நிறுவனத்தில் வேலை. பிறகு எனக்கும் அங்கேயே, சர்வே பிரிவில் வரைபடம் போடுகிற வேலை. கடலூருக்கும் விருத்தாசலத்துக்கும் இடையே நெய்வேலி வழியாகப் போன மீட்டர் கேஜ் பாதைதான் எனக்குத் தெரிந்த ரயில். இந்தியாவெங்கும் ஒரே அகலம் என்ற திட்டம் 1992இல் வந்தது. இந்த நூற்றாண்டின் முதல் பத்து வருஷங்களுக்குள் எங்கள் பாதையும் அகலமாகிவிட்டது. பார்த்து வளர்ந்த ஒன்று அளந்துவைக்கும் முன் போய்விட்டது என்ற பதற்றத்தில்தான் பலகையும் ரம்பமும் வாங்கினேன். வருஷம் 1978 என்று தீர்மானித்துக்கொண்டேன். வருஷத்தைத் தீர்மானிக்காமல் ஸ்டேஷன் செய்கிறவன் எந்த ஊர் ஸ்டேஷனையும் செய்யவில்லை என்பது எங்களுக்குள் ஒரு கொள்கை.

உடனே வந்து நின்றது கணக்கு. உலகில் அதிகம் பேர் கையாளும் அளவு 1க்கு 87. கடையில் கிடைக்கும் பாதையின் அகலம் 16.5 மில்லிமீட்டர். பெருக்கினால் 1435, அது ஐரோப்பிய, அமெரிக்கப் பாதை. நம் அகலப்பாதை 1676 என்பதால், இங்கே அகலப்பாதை என்ஜினை அதில் ஓடவிடுகிறவர் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் குறுகிய பாதையில் ஓடவிடுகிறார். மீட்டர் கேஜுக்கு வேண்டியதோ 11.5. ஸ்விட்சர்லாந்தின் ரேட்டியன் ரயில்வே மீட்டர் கேஜ் ஆதலால், அதன் மாதிரிகளுக்கென்று 12 மில்லிமீட்டர் பாதை விற்கிறார்கள். ஆல்ப்ஸ் பனியை நினைத்துச் செய்த சக்கரங்களின்மேல் ஒய்.பி. என்ஜினை உட்கார்த்தி வைப்பதுதான் எங்களுக்குள்ள வழி. மிஞ்சுவது அரை மில்லிமீட்டர். அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பவர்களும் கூடாது என்பவர்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. சிறுபத்திரிகை வாசகர்களுக்கு இந்த நிலைமையை விளக்கவேண்டிய அவசியமில்லை.

நான் பொறுத்துக்கொண்டேன். என் பிடிவாதம் முழுவதும் கைகாட்டிக்குப் போய்விட்டது. அது எளிய கருவிதான். ஸ்டேஷனில் லீவரை இழுத்தால் கம்பி இழுபட்டு, நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளிக் கம்பத்தில் கை சாய்கிறது. வெயிலில் கம்பி நீளும். அதற்கு ஈடுகட்ட ஒரு ஏற்பாடு உண்டு. கம்பி அறுந்துபோனால் கை தானாகவே எழும்பிக் கிடையாக வந்து நின்றுவிடும். கண்ணாடி பொருத்திய சட்டத்தின் கனமும் எதிர்எடையும் அதற்காகவே. சந்தேகம் வந்தால் 'நில்' என்பதை யாரும் அதற்குச் சொல்லவேண்டியதில்லை.

இரவில் மண்ணெண்ணெய் விளக்கு. அதன் சுடர் மஞ்சள் என்பதால், 'போகலாம்' என்பதற்குரிய கண்ணாடி அசல் பச்சையல்ல, நீலம் தூக்கலானது. மஞ்சள் சுடர் அதன் வழியே வரும்போதுதான் பச்சை பிறக்கிறது. மாதிரியில் வெள்ளை எல்.இ.டி. வைத்தால் நீலமாகவே நிற்கும். அதன்மேல் மஞ்சள் வர்ணத்தை எவ்வளவு மெல்லிசாகப் பூசுவது என்பதில் ஒரு மழைக்காலம் போயிற்று. கை சாயும்போது ஒரு தரம் துள்ளி அடங்குவதைக் கொண்டுவர இன்னொரு மழைக்காலம். கடைசியாகப் பின்னொளி. விளக்குப் பெட்டியின் முதுகில் ஒரு சிறு துளை இருக்கும். கை 'நில்' என்று நிற்கும்போது அதில் வெள்ளைப் புள்ளி தெரியும். கை சாய்ந்ததும் ஒரு தகடு வந்து மறைத்துவிடும். கைகாட்டியின் முதுகை மட்டுமே பார்க்கமுடிகிற ஸ்டேஷன் மாஸ்டருக்காக ஏற்பட்டது அது. என் அளவில் அந்தத் துளை குண்டூசித் தலையைவிடச் சிறியது. அதையும் வைத்தேன்.

கட்டுரைகள் எழுதும் நண்பர் ஒருவர் இதையெல்லாம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய பள்ளத்தின் கரையில் உட்கார்ந்துகொண்டு குண்டூசித் துளை போடுகிறீர்கள்" என்றார். அவர் கேலி செய்யவில்லை. எனக்குப் பதில் தெரிந்திருக்கவில்லை.

பள்ளம் பெரிதுதான். ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் 1930களில் கிணறு தோண்டும்போது கருப்பாக ஏதோ வந்தது. 1956இல் நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20ஆம் தேதி நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி தட்டுப்பட்டது. கிழக்கு ஜெர்மனியின் இதே வகைச் சுரங்கங்களில் மண்ணையும் கரியையும் 900 மில்லிமீட்டர் பாதையில் மின்சார ரயில்கள் இழுத்தன. இங்கே அந்த வேலையை ரப்பர் பெல்ட்டுகள் செய்கின்றன. ஆனால் பெல்ட்டின் ஓரமாகவும் இரும்புக் கட்டைகள்மேல் தண்டவாளம் உண்டு. சுரங்கமுகம் முன்னேற முன்னேற, சங்கிலிச் சக்கர இயந்திரம் ஒன்று தண்டவாளத்தின் தலையைப் பற்றிக்கொண்டு நெடுக ஓடி, மொத்தப் பெல்ட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் இழுத்துப் போகும். ரயிலில் பாதை கிடக்க வண்டி நகர்கிறது. இங்கே பாதையே நகர்கிறது, ஊரை நோக்கி. சுரங்கத்தின் பாஷையில், கரிக்கு மேலே இருப்பது எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: மேல்மண். முந்திரித் தோப்பும் அய்யனார் கோயிலும் களத்துமேடும் அதற்குள் அடக்கம். அந்த விளிம்பின் கோட்டை வரைபடத்தில் வருஷாவருஷம் நகர்த்திப் போடுகிற கைகளில் என்னுடையதும் ஒன்று.

மாதிரி ரயில்காரனும் இதே காரியத்தைத்தான் செய்கிறான். ஒரு கிலோமீட்டர் என்பது 1க்கு 87இல் பதினொன்றரை மீட்டர். என் பின்கட்டு அறையின் நீளம் நாலு மீட்டர். ஆகவே ஸ்டேஷனை முழுசாக வைத்துவிட்டு, நடுவில் உள்ளதை வெட்டி, அடுத்த முக்கியமான இடத்துக்குத் தாவவேண்டும். இதைச் செய்யாதவர் எவருமில்லை. புனேயில் பி. எஸ். ஜோஷி அமைத்து 1998இல் திறந்த சிற்றுருவ ரயில் அருங்காட்சியகத்தில் ஒரு நகரத்துக்கு வேண்டிய சகலமும் நெருக்கமாக அடுக்கியிருக்கும்; பார்க்க ஆனந்தமாக இருக்கும். இரண்டு முக்கியங்களுக்கு நடுவில் இருக்கிற வெறும் நிலத்துக்கு எந்தப் பலகையிலும் இடமில்லை. முக்கியம் எது என்பதைப் பலகையின் விளிம்புதான் தீர்மானிக்கிறது.

போன மழையில், குவார்ட்டர்ஸின் கூரை ஒழுகலைப் பார்க்க ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். சுரங்கத்துக்கு எடுக்கப்பட்ட கிராமம் ஒன்றிலிருந்து சிறு வயதில் பெயர்ந்தவர். கூரையைப் பார்த்தவர் பலகையைப் பார்த்து நின்றுவிட்டார். என்ஜினைக் கவனிக்கவில்லை. சுற்றிப் போய் கைகாட்டியின் பின்னால் குந்திக்கொண்டார். நான் விளக்கை அணைத்துவிட்டு லீவரைத் தட்டினேன். வெள்ளைப் புள்ளி மறைந்தது.

"இந்த வெள்ளப் பொட்டு மறஞ்சா வண்டி வருதுன்னு அர்த்தம் சார். எங்கம்மா அதப் பாத்துட்டுத்தான் கடலைக் கூடையத் தூக்கிக்கிட்டு ஸ்டேசனுக்கு ஓடும்."

நான் பேசாமல் இருந்தேன். ஸ்டேஷன் மாஸ்டருக்காக ஏற்பட்ட ஒளி என்றுதான் கையேடுகள் சொல்லும். அதே முதுகைப் பார்த்தபடி ஒரு ஊர் தன் சாயங்காலத்தை நடத்திக்கொண்டிருந்தது என்பது எந்தக் கையேட்டிலும் இல்லை.

பிறகு அவர் கேட்டார்: "எங்க ஊரு எங்க சார் இதுல?" பதிலுக்குக் காத்திராமல், பலகையின் விளிம்பைத் தாண்டி ஒரு முழம் தள்ளிக் காற்றில் விரலை வைத்தார். "இங்க வரும்."

அவர் போனபிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுரங்கத்தின் ஆழம் அந்தப் பக்கத்தில் சுமார் 90 மீட்டர். 87ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். என் மேஜையின் உயரமும் அதுவே. அவர் விரல் நின்ற இடத்துக்கு நேர் கீழே, சுரங்கத்தின் அடி என் அறையின் சிமெண்ட் தரை. பள்ளத்தை நான் செய்யவேண்டியதே இல்லை. பலகையின் விளிம்பில் அது முன்பே அளவு பிசகாமல் இருந்தது. ஆனால் நான் தேர்ந்த வருஷம் 1978. அப்போது அங்கே ஊர் இருந்தது.

நண்பருக்கு இப்போது ஒரு பதில் சொல்லலாம் என்று தோன்றுகிறது. குண்டூசித் துளை இல்லாமல் போயிருந்தால் அந்த மனிதர் குந்தியிருக்கமாட்டார். என்னிடம் ஊரைக் கேட்டிருக்கவும் மாட்டார். பொதுவான அனுதாபத்தோடு பொதுவான ஒரு கிராமத்தைப் பலகையில் வைத்திருந்தால், நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு ஒழுகலைப் பார்க்கப் போயிருப்பார். ஆனால் துளை தானாக ஊரைக் கொண்டுவந்துவிடவில்லை. அதற்குப் பின்னாலிருந்து ஒருவர் பார்க்கவேண்டியிருந்தது. குறுகலில் மூழ்குகிறவன் யாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறான் என்பதை அவனால் தனியாகத் தெரிந்துகொள்ள முடிவதில்லை.

அடுத்த வருஷம் எனக்கு ஓய்வு. இந்த நகரியத்தில் ஓய்வு பெற்றவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். யாரும் இங்கே நிரந்தரமில்லை. பலகையை நாலாக அறுத்துக் கட்டவேண்டிய சமயத்தில், ஒரு முழ நீளத்துக்குப் புதிய பலகை ஒன்றை விளிம்பில் ஒட்டியிருக்கிறேன். கீழே ஆதரவு ஏதுமில்லை, ஸ்டேஷன் பலகையைப் பற்றிக்கொண்டு அந்தரத்தில் நிற்கிறது. பதினோரு வீடுகள், ஒரு களம், ஒரு கிணறு. அலுவலகத்துப் பழைய வரைபடங்களில் அந்த இடத்துக்குச் சர்வே எண்களும் மட்டங்களும் இருக்கின்றன. வீடுகளின் வாசல் எந்தப் பக்கம் என்பது இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வருகிறார். போன வாரம் தன் அக்காவையும் அழைத்துவந்தார். அவர்கள் வீட்டுத் திண்ணை தெற்கே இருந்ததா மேற்கே இருந்ததா என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அந்த வீட்டை மட்டும் இன்னும் ஒட்டாமல் வைத்திருக்கிறேன்.