எதிர் நாற்காலியிலிருந்து ஒரு குரல்

செப்பனிடப்படாததுதான் உண்மையானது என்ற நம்பிக்கை நம்மிடையே வெகுகாலமாக உலவி வருகிறது. கவிஞனின் அடித்தல் திருத்தல்கள், ஓவியனின் பென்சில் கோடுகள் இவற்றை முடிந்த படைப்பைவிட ஒரு படி உயர்த்திப் பேசுவது ஒரு ருசியாகவே ஆகிவிட்டது. எனக்கு இதில் நம்பிக்கை இருந்ததில்லை. எழுதுகிறவன் கிழித்துப் போட்டதைப் பொறுக்கி ஒட்டுவது பெரும்பாலும் அவன் போன பிறகு அவன் பேரில் பிழைக்கிறவர்களின் காரியம். ஆகவே, பால் மக்கார்ட்னியும் எல்விஸ் காஸ்டெல்லோவும் சேர்ந்து பாட்டெழுதிய நாட்களில் தங்களுக்காகப் பதிவு செய்துகொண்ட மாதிரிப் பதிவுகளை (டெமோ என்கிறார்கள்) நண்பர் ஒருவரின் மகன் எனக்குப் போட்டுக் காட்டியபோது, ஒருவித அலட்சியத்துடன்தான் உட்கார்ந்தேன். ஒன்பது பாட்டுகள். இரண்டு குரல்கள், கிதார், சில இடங்களில் பியானோ. கேட்டு முடித்த அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. அதற்குக் காரணம் சங்கீதம் மட்டுமல்ல. என் பெட்டியில் கிடக்கும் ஒரு பழைய நோட்டுப் புத்தகமும்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

1987இல் மக்கார்ட்னிக்கு வயது 45. அதற்கு முந்தைய வருஷம் வந்த அவருடைய 'ப்ரெஸ் டு ப்ளே' சரியாக விற்கவில்லை. பீட்டில்ஸ் பிரிந்து பதினேழு வருஷம். லென்னன் இறந்து ஏழு வருஷம். காஸ்டெல்லோ அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். சொந்தப் பெயர் டெக்லன் மக்மானஸ். இந்தப் பாட்டுகளில் எல்லாம் அந்தப் பெயரில்தான் கையெழுத்திட்டிருக்கிறார். அவருடைய அப்பா ராஸ் மக்மானஸ், ஜோ லாஸ் வாத்தியக் குழுவில் பாடகர். வானொலியில் பாடுவதற்காகப் புதிய ரிக்கார்டுகளை வீட்டுக்குக் கொண்டு வருவார். அவற்றில் பீட்டில்ஸும் உண்டு. 1963 நவம்பரில் ராணியின் குடும்பத்தார் முன்னால் பீட்டில்ஸ் பாடிய அந்தப் பிரசித்தமான மேடையில் அன்று ராஸ் மக்மானஸும் பாடினார். வீட்டில் ஒன்பது வயதுப் பையன். இருபத்துநான்கு வருஷத்துக்குப் பின் இந்தப் பையன் போய் எதிரே உட்கார்ந்தது எந்த மனநிலையில் என்று யோசித்துப் பார்க்கலாம். பக்தி இருந்திருக்கும். ஆனால் ஒலிநாடாவில் பக்தியின் சாயல் கொஞ்சமும் இல்லை. எனக்கு முதலில் பிடித்த விஷயம் இதுதான்.

இடம், தென் இங்கிலாந்தில் சஸெக்ஸ் கிராமப்புறத்தில் ஒரு பழைய காற்றாலை. மக்கார்ட்னி அதைத் தன் ஸ்டுடியோவாக வைத்திருந்தார். ஆளுக்கொரு முடியாத பாட்டைக் கொண்டுவந்து மற்றவர் முன் வைப்பது என்று ஆரம்பித்தார்கள். மக்கார்ட்னி கொண்டுவந்தது 'பேக் ஆன் மை ஃபீட்'. காஸ்டெல்லோ கொண்டுவந்தது நினைவு தப்பிப்போன தன் பாட்டியைப் பற்றிய 'வெரோனிகா'. இப்படிக் கை பழகிய பின்தான் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து எழுதத் தொடங்கினார்கள். மக்கார்ட்னி இடக்கைக்காரர். வலக்கைக்காரர் ஒருவர் எதிரே கிதாருடன் உட்கார்ந்தால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருக்கும். லென்னனோடு எழுதியது இப்படித்தான் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். பத்திரிகைகள் இதைப் பிடித்துக்கொண்டு, காஸ்டெல்லோவின் மூக்குக் கண்ணாடியையும் அவர் நாக்கின் காரத்தையும் சேர்த்து அவரை லென்னனின் பதிலி ஆக்கிவிட்டன. இது சோம்பேறித்தனமான விமர்சனம். ஒருவருக்கு எதிர்க்குரல் தேவைப்படுகிறது என்பது ஒன்று. அந்தக் குரல் யாருடையது என்பது வேறு.

'யூ வான்ட் ஹெர் டூ' என்ற பாட்டில் இது ஸ்தூலமாகவே கேட்கிறது. ஒரு பெண்ணைப் பற்றி ஒருவர் உருகிச் சொல்கிறார். அடுத்த வரியிலேயே மற்றவர் குறுக்கே புகுந்து அந்த உருக்கத்தின் காற்றைப் பிடுங்கி விடுகிறார். உருகுவது மக்கார்ட்னி, பிடுங்குவது காஸ்டெல்லோ. பீட்டில்ஸின் 'கெட்டிங் பெட்டர்' பாட்டில் மக்கார்ட்னியின் நம்பிக்கைக்குப் பின்னால் லென்னன் ஒரு கசப்பைச் செருகியது நினைவுக்கு வரும். ஆனால் அங்கே கசப்பு ஒரு வரி, பின்னணிக் குரலில். இங்கே இரண்டு பேரும் சரிசமமாக நின்று வழக்காடுகிறார்கள். டெமோவில் இது ஒரு திண்ணைப் பேச்சின் வேகத்தில் நடக்கிறது. ஒருவர் மூச்சு விடுவதற்குள் மற்றவர் ஆரம்பித்து விடுகிறார்.

1989 ஜூனில் வந்த 'ஃப்ளவர்ஸ் இன் தி டர்ட்' ஆல்பத்தில் இந்தப் பாட்டு இரண்டு குரலோடுதான் இருக்கிறது. நியாயமாக இதைச் சொல்லிவிட வேண்டும். அதே ஆல்பத்தின் 'மை ப்ரேவ் ஃபேஸ்' பாட்டின் கதி வேறு. மனைவி விட்டுப்போன ஒருவன், வீட்டில் தனியாக, தைரிய முகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறான். டெமோவில் முக்கால்வாசி இடம் இரண்டு பேரும் சேர்ந்தே பாடுகிறார்கள். ஒரு குரல் வழவழப்பு, மற்றது மூக்கால் வரும் உலோகக் குரல். இரண்டும் முழுசாக ஒட்டுவதில்லை. ஒட்டாத அந்த மெல்லிய இடைவெளியில்தான் அந்த மனிதனின் அவஸ்தை இருக்கிறது. அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதை அவனே நம்பவில்லை என்பது அங்கேதான் தெரிகிறது. ஆல்பத்தில் அது ஒரு நேர்த்தியான பாட்டு. பீட்டில்ஸ் காலத்து வயலின் வடிவ ஹாஃப்னர் பாஸ் கிதாரைத் திரும்ப எடுக்கும்படி மக்கார்ட்னியைத் தூண்டியது காஸ்டெல்லோதான்; அந்த பாஸ் அங்கே அழகாக நடக்கிறது. எனக்கும் பிடித்த பாட்டுதான். 1989 இறுதியில் ஒரு நண்பர் கொண்டுவந்த காஸெட்டில் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். ஆனால் அதில் அந்த மனிதன் பிழைத்துக்கொள்வான் என்று முதல் நொடியிலேயே தெரிந்துவிடுகிறது.

நடுவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அதே ஒன்பது பாட்டுகளை 1988இல் அதே ஆலையில் வாத்தியக்காரர்களை வைத்து மறுபடி பதிவு செய்தார்கள். தயாரிப்பையும் இருவரே சேர்ந்து செய்து பார்த்தார்கள். ஒலி எப்படி இருக்க வேண்டும் என்பதில் இருவர் மனமும் ஒன்றாக இல்லை. கூட்டுத் தயாரிப்பு நீடிக்கவில்லை. பிறகு பாட்டுகள் பாகப் பிரிவினை ஆயின. நான்கு மக்கார்ட்னியின் 1989 ஆல்பத்துக்கு. 'ஸோ லைக் கேண்டி', 'ப்ளேபாய் டு எ மேன்' இரண்டும் காஸ்டெல்லோவின் 1991 ஆல்பத்துக்கு. ஒன்று மக்கார்ட்னியின் 1993 ஆல்பத்துக்கு. மீதி இரண்டு யாருக்கும் இல்லாமல் நின்றுவிட்டன. தனியே எழுதி முடித்த 'வெரோனிகா' காஸ்டெல்லோவுக்குப் போய், அமெரிக்கப் பட்டியலில் 19ஆம் இடத்துக்கு வந்தது. அவர் அங்கே தொட்ட உச்சம் அது. வியாபாரமாகப் பார்த்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இந்த டெமோக்கள் வருஷக்கணக்காகத் திருட்டுப் பதிவுகளாகச் சுற்றி வந்து, கடைசியில் 2017 மார்ச்சில் அந்த ஆல்பத்தின் மறுபதிப்போடு முறையாக வெளியாயின. சாமான்யன் வாங்கக்கூடிய பெட்டி அல்ல அது. நண்பரின் மகனுக்கு நன்றி.

பாகம் பிரித்ததில் எது தொலைந்தது என்று கேட்டால் 'தி லவர்ஸ் தட் நெவர் வேர்' பாட்டைத்தான் சொல்வேன். நடக்காமலே போன ஒரு காதலைப் பற்றியது. டெமோவில் மக்கார்ட்னி பாடுவதை முதல் தடவை கேட்டபோது இது அவர்தானா என்று சந்தேகம் வந்தது. தொண்டை கிழிகிறது. எட்டாத ஸ்தாயியை எட்டிப் பிடித்து, பிடித்த இடத்தில் குரல் உடைகிறது. உடைந்ததைச் சரிசெய்ய அவர் நிற்கவில்லை. எந்த மெட்டையும் சிரமமில்லாமல் பாடிவிடுகிறவர் என்ற பெயர்தான் அவருக்கு எப்போதும் அனுகூலமும் சாபமும். இங்கே சிரமப்படுகிறார். ஏன்? எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். எளிதாகப் பாடித் தப்பித்தால் கண்டுபிடித்து விடுகிற ஆள்.

1993இன் 'ஆஃப் தி கிரவுண்ட்' ஆல்பத்தில் இதே பாட்டு, தன் குழுவினரோடு ஸ்டுடியோவில் ஒரே சமயத்தில் வாசித்துப் பதிவு செய்தது. அதாவது அதுவும் ஒருவகையில் செப்பனிடாத முறைதான். ஆயினும் குரல் அங்கே நிதானத்துக்கு வந்துவிட்டது. அதனால்தான் கரடுமுரடு என்பதே ஒரு குணம் என்று பேசுகிறவர்களோடு என்னால் சேர முடியவில்லை. கரடுமுரடாகப் பதிவு செய்வது யாராலும் ஆகிற காரியம். எதிர் நாற்காலியை யாரும் தயாரிக்க முடியாது. 1993இல் சுற்றி நின்ற வாத்தியக்காரர்கள் நல்ல கலைஞர்கள், ஆனால் அவரிடம் சம்பளம் வாங்குகிறவர்கள்.

'தட் டே இஸ் டன்' மட்டும் என் இந்த வாதத்துக்கு அடங்க மறுக்கிறது. காஸ்டெல்லோவின் பாட்டியின் இறுதிச் சடங்கு அதன் பின்னணி. ஆல்பத்தின் தலைப்பும் இந்தப் பாட்டின் ஒரு வரியிலிருந்து வந்ததுதான். மண்ணுக்குள் இருக்கிறவன் பார்வையில், தன்னைப் பார்க்க வந்து திரும்பிப் போகும் பெண்ணைச் சொல்கிற பாட்டு. சம்பவங்களும் வரிகளும் பெரும்பாலும் காஸ்டெல்லோவின் சுபாவத்தில் இறுகலாக, விவரம் விவரமாகப் போகின்றன. பல்லவி வரும்போது மக்கார்ட்னியின் கை தெரிகிறது, தேவாலயத்துக் கதவைத் திறந்துவிட்டதுபோல் எல்லாம் அகலமாகிவிடுகிறது. ஒருவர் துக்கத்தை விவரிக்கிறார், மற்றவர் அதற்குப் பாட இடம் கொடுக்கிறார். இந்தப் பாட்டு டெமோவிலும் நிற்கிறது, நிக்கி ஹாப்கின்ஸ் பியானோ வாசித்த ஆல்பத்திலும் நிற்கிறது, பிறகு ஃபேர்ஃபீல்ட் ஃபோர் என்ற கறுப்பின தேவாலயப் பாடகர்களோடு காஸ்டெல்லோ பாடியபோதும் நின்றது. இரண்டு பேரின் சண்டையும் மெட்டுக்குள்ளேயே தங்கிவிட்டதால் இருக்கலாம். பாகம் பிரிக்க முடியாதபடி எழுதப்பட்டுவிட்டது.

இனி நோட்டுப் புத்தகம்.

1982இல் பாளையங்கோட்டையில் எனக்கு ஒரு நண்பர் இருந்தார். தபால் இலாகாவில் வேலை. நான் ஒரு கல்லூரியில் டியூட்டர். ஆறு மாத காலம், ஞாயிற்றுக்கிழமைகளில், அவர் அறையில் ஒரு மேஜைக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாக உட்கார்ந்து ஒரு நீண்ட கவிதை எழுதினோம். விற்றுப்போன ஒரு வீட்டைப் பற்றியது. நான் ஒரு வரி எழுதி நோட்டைத் திருப்பி வைப்பேன். அவர் அதன் கீழே எழுதுவார். என் மை நீலம், அவருடையது பச்சை. முற்றத்து நிலாவையும் தூணில் தேய்ந்த எண்ணெய்ப் பிசுக்கையும் நான் எழுதிய இடத்தில், தரகுக்காரன் எத்தனை சதவீதம் கேட்டான் என்று அவர் எழுதியிருந்தார். அம்மா கடைசியாகக் கோலம் போட்டதை நான் எழுதினால், அந்தக் கோலத்தின் மேல் லாரி நின்றதை அவர் எழுதினார். எனக்கு எரிச்சலாக வரும். சொல்லவும் சொல்வேன். சிரித்துக்கொண்டு நோட்டை என் பக்கம் திருப்புவார்.

பிரதி எடுத்தது நான். எடுக்கும்போது பச்சை மை வரிகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் நீக்கினேன். கவிதையின் தொனி கெடுகிறது என்பது அன்று நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். அடுத்த வருஷம் அது என் பெயரில் ஒரு பத்திரிகையில் வந்தது. பிரசுரிக்கும் முன் அவரிடம் கேட்டேன். "உம்ம பேரே போதும்யா. ரெண்டு பேர் போட்டா எவன் படிப்பான்?" என்றார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். கவிதையைப் பாராட்டி எழுதினார்கள். தொனியின் ஒருமையை விசேஷமாகக் குறிப்பிட்டிருந்தார்கள். அதற்குப் பின் நாங்கள் சந்தித்தோம், பேசினோம், அவர் மகள் கல்யாணத்துக்குப் போனேன். சேர்ந்து எழுதவில்லை. அவர் கவிதை எழுதியதாகவே எனக்குத் தெரியவில்லை. 2009இல் இறந்துபோனார்.

டெமோவைக் கேட்ட இரவில் அந்த நோட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். என் வரிகள் தனியாக நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் மூன்றாம் பக்கத்துக்கு மேல் அவை எதற்காகச் சொல்லப்படுகின்றன என்பது பச்சை மையைப் படித்தால்தான் புரிகிறது. தரகுக்காரனை எடுத்துவிட்ட பிறகு அந்த நிலா யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய வரிகளில் பல மோசமானவை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு இடங்களில் வெறும் நக்கல். அவற்றை இன்றும் நீக்குவேன். அவரையும் உட்கார வைத்துக்கொண்டு நீக்குவேன்.

இப்போது என் கவிதைகளைத் தொகுத்துப் போட ஒரு இளம் நண்பர் முன்வந்திருக்கிறார். அந்தக் கவிதையை முதலில் வைக்க வேண்டும் என்கிறார். இன்னும் பதில் எழுதவில்லை. கொடுப்பதானால் நோட்டில் உள்ளபடி, இரண்டு பெயரோடு கொடுக்க வேண்டும். அதற்கு அவருடைய மனைவியைக் கேட்க வேண்டும். அவர் திருச்சியில் மகளோடு இருப்பதாகச் சொல்கிறார்கள். விலாசத்துக்கு எழுதியிருக்கிறேன்.